விவிலியச் சொல்விளக்கங்களும் தமிழ்ச் சொற்பொருள் மரபும்: ஒரு மறுப்பு

தமிழ் விவிலியத்தில் பயிலும் அருஞ்சொற்களுக்கும் அடையாளங்களுக்கும் பொருள் கூற எழுந்த நூல்களும் குறுநூல்களும் பல. அவற்றுள் பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றே. சேலா, ஏபோத்து, ஊரீம் தும்மீம், கொர்பான், லிவியாதான் என ஒலியாலேயே அயன்மை காட்டும் சொற்கள் முதலில் வரிசைப்படுத்தப்பெறும். ஒவ்வொன்றின் எதிரிலும் ஆங்கில விவிலிய அகராதி ஒன்றின் செய்தி தமிழாக்கித் தரப்பெறும். இறுதியில் 'அடையாளப் பொருள்' என்றொரு பகுதி அமையும். எண்ணெய் என்றால் தூய ஆவி, புளித்தமா என்றால் பாவம், பாம்பு என்றால் அலகை என்ற முறையில் அது வாய்பாடாக நிற்கும். இந்நூல்களின் உழைப்பைக் குறைகூறுதல் இக்கட்டுரையின் நோக்கம் அன்று. அவை எச்சொல்லை விளக்கவேண்டும் எனக் கருதுகின்றன, அவ்விளக்கத்தை எங்கிருந்து பெறுகின்றன என்னும் இரண்டு நிலைகளிலும் அடிப்படையிலேயே பிழைபட்டுள்ளன என்பதே இங்கு முன்வைக்கப்பெறும் வாதம்.

தொல்காப்பிய உரியியல், வெளிப்படையாகப் பொருள் விளங்கும் சொல்லை விளக்கவேண்டுவதில்லை, வெளிப்படாத சொல்லையே விளக்கவேண்டும் என்று வரையறை செய்கிறது. விவிலிய விளக்க நூலார் அறிந்தோ அறியாமலோ இவ்வரையறையைப் பின்பற்றுவோராகவே தோற்றமளிக்கின்றனர். ஆனால் வெளிப்படு சொல் எது என்பதைக் காலம் மாற்றிவிடுகிறது. இன்று பெருவழக்கில் உள்ள புரொட்டஸ்டண்டு மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையுற்றது. பாப்ரிசியஸ் 18ஆம் நூற்றாண்டில் செய்த மொழிபெயர்ப்பின் சொற்களும் தொடரமைதியும் அதனுள் மிகுதியும் படிந்துள்ளன. அக்காலத் தமிழனுக்கு வெளிப்படையாக இருந்த சொல் இன்றைய வாசகனுக்கும் வெளிப்படையாகவே தோன்றுகிறது. பொருள் மட்டும் வேறாகிவிட்டது. 'சேலா' என்ற சொல்லைக் காணும் வாசகன் தனக்குப் பொருள் தெரியவில்லை என்று நின்றுவிடுவான். 'முள்', 'அரை', 'துருத்தி', 'படி' ஆகிய சொற்களைக் காணும்போது அவன் நிற்பதில்லை. பிழை அங்குதான் நேர்கிறது.

முள்ளும் கூரும் கொடுக்கும்

திருத்தூதர் நடபடிகள் 26ஆம் அதிகாரத்தில் பவுல் தமக்குத் தமஸ்குச் சாலையில் நிகழ்ந்ததை அகிரிப்பா மன்னன் முன் எடுத்துரைக்கிறார். முள்ளில் உதைப்பது உனக்குக் கடினம் என்ற கருத்துடைய தொடர் அங்கு வருகிறது. இத்தொடருக்கு விளக்கம் எழுதுவோர் பலர் முட்செடியையும் முட்புதரையும் காட்டுவர். வெறுங்காலால் முள்ளை மிதிப்பவன் துன்புறுவதுபோல, இறைவனை எதிர்ப்பவன் துன்புறுவான் என்பது அவர்தம் விளக்கம். சற்றுத் துணிந்தவர் இன்னும் ஒருபடி மேலே சென்று, கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில் பவுல் தம் உடலில் இருப்பதாகக் கூறும் முள்ளையும் இம்முள்ளையும் ஒன்றாக இணைத்து, சாலையில் உதைத்த முள்ளே பின்னர் உடலில் தைத்தது என நயம் உரைப்பர். கேட்பதற்கு இனிய நயம்தான். ஆனால் இரண்டிடத்தும் கிரேக்கச் சொல் வேறு. முன்னதில் உள்ளது கெந்த்ரோன், பின்னதில் உள்ளது ஸ்கோலொப்ஸ். தமிழில் இரண்டும் 'முள்' ஆனதால் மட்டுமே தோன்றிய உறவு இது. மூலத்தில் அதற்கு இடமில்லை.

கெந்த்ரோன் என்பது ஏர் மாட்டையும் வண்டி மாட்டையும் குத்தி ஓட்டும் கோலின் கூர்முனை. அம்முனையை எதிர்த்துக் காலால் உதைக்கும் மாடு மேலும் குத்துப்படும். இது கிரேக்கரிடையே பழமொழியாகவே வழங்கியது. பிண்டார், எஸ்கிலஸ், யூரிபிடிஸ் ஆகியோரின் பாடல்களிலும் நாடகங்களிலும் இது இடம்பெற்றுள்ளது. எனவே இங்குப் பேசப்பெறுவது செடியின் முள் அன்று, தாற்றுக்கோலின் முள். தென்மாவட்ட உழவர் இன்றும் தார்க்குச்சி என வழங்கும் கருவியே அது.

அவ்வாறாயின் மொழிபெயர்ப்பாளர் பிழை செய்தனரா? ஆங்கிலம் மட்டும் கற்ற விளக்க நூலார் இவ்விடத்தில் உடனே ஆம் என்பர். கெந்த்ரோன் என்னும் அதே கிரேக்கச் சொல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில் சாவைப் பற்றிப் பேசுமிடத்துக் 'கூர்' எனவும், வெளிப்பாட்டின் 9ஆம் அதிகாரத்தில் தேள் வாலைப் பற்றிப் பேசுமிடத்துக் 'கொடுக்கு' எனவும் தமிழில் வந்துள்ளது. ஒரே சொல்லுக்கு மூன்று சொற்கள். ஒருமைப்பாடு இல்லை என்று குறைகூற இது போதும் என அவர்கள் கருதலாம். ஆனால் தமிழ் இலக்கியப் பயிற்சி உடையவர் இங்குக் குறையைக் காணமாட்டார். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில், வினை முடித்து மனைக்கு விரைந்து திரும்ப விழையும் தலைவன் குதிரையை முள்ளிட்டு ஓட்டுமாறு தேர்ப்பாகனை ஏவுகிறான். முல்லைப்பாட்டில் பாசறை யானையைப் பழக்கும் பாகரின் கைக்கருவி கவைமுள் உடையது. விலங்கை ஓட்டும் கருவியின் முனைக்கு 'முள்' என்பது சங்க காலந்தொட்டு வரும் தமிழ் வழக்கு. மாட்டுக்கு முள், தேளுக்குக் கொடுக்கு, சாவுக்குக் கூர் என்று இடமறிந்து வேறுபடுத்தியது மொழிபெயர்ப்பின் தளர்ச்சி ஆகாது, சொல்லாட்சியின் நுட்பமே ஆகும்.

ஜெர்மானியரான தரங்கம்பாடி, சென்னைப் பணியாளர்களின் நினைவில் லூத்தர் மொழிபெயர்ப்பின் 'ஷ்டாகெல்' என்னும் சொல் நின்றிருக்கவும் கூடும். முள், கொடுக்கு, தாற்றுமுனை மூன்றையும் அச்சொல் குறிக்கும். ஆயினும் நினைவில் எச்சொல் நின்றதாயினும் தமிழில் வைத்த சொல் தமிழ் மரபுக்கு இயைந்ததாகவே அமைந்தது. அதே மொழிபெயர்ப்பு நீதித்தலைவர்கள் 3ஆம் அதிகாரத்தில் சம்கார் ஏந்திய கருவியைத் 'தாற்றுக்கோல்' என்றே கூறுகிறது. கருவி முழுவதும் பேசப்பெறும் இடத்துத் தாற்றுக்கோல், குத்தும் முனை மட்டும் பேசப்பெறும் இடத்து முள். இதை விளக்க எபிரேய அகராதியோ கிரேக்க அகராதியோ மட்டும் போதா. ஐங்குறுநூறும் வேண்டும், தார்க்குச்சியை அறிந்த உழவரும் வேண்டும்.

அரையும் அறையும்

பேதுருவின் முதல் திருமுகத்தில் மனத்தின் அரையைக் கட்டிக்கொள்ளுமாறு ஓர் அறிவுரை உள்ளது. 'அரை' என்பது இடுப்பு. தளர்ந்த நீண்ட அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக் கச்சையால் கட்டிக்கொண்டால்தான் நடக்கவும் ஓடவும் வேலை செய்யவும் இயலும். ஆயத்தமாயிரு என்பதே கருத்து. இன்று பெரும்பகுதித் தமிழரின் பேச்சில் ரகர றகர வேறுபாடு மறைந்துவிட்டமையால், படிக்கக் கேட்போர் செவியில் இது 'மனத்தின் அறை' என்றே விழுகிறது. எழுத்தைக் காண்போரும் 'பாதி' என்ற பொருளையே முதலில் நினைக்கின்றனர். மனத்தின் கதவை அடைத்துப் புறச்சிந்தனை புகாமல் காக்கவேண்டும் என்னும் விளக்கம் இவ்வாறுதான் பிறக்கிறது. ஆயத்தமாகிப் புறப்படச் சொல்லும் வாக்கு, கதவடைத்து உள்ளே இருக்கச் சொல்லும் வாக்காகத் தலைகீழாகிறது. சிறு பிழை என்று இதைத் தள்ளிவிட இயலாது.

இதற்கு விடை எபிரேயத்தில் தேடப்படவேண்டியதே இல்லை. குழந்தையின் இடுப்பில் கட்டும் கயிற்றை அருணாக்கயிறு என்று சொல்லாத தமிழ்த்தாய் அரியள். அரைஞாண் கயிறு என்பதே அது. 'வரிந்து கட்டிக்கொண்டு' என்ற பேச்சுவழக்கு விவிலியத் தொடரின் பொருளையே தருகிறது. தொல்காப்பியர் உரியியலில் பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்திப் பொருள் உணர்த்துக என்கிறார். பயிலாத 'அரை'யைப் பயின்ற 'அருணாக்கயிற்றோடு' சார்த்துவதைத் தவிர இங்கு வேறு விளக்கம் தேவையில்லை. விளக்க நூலாரோ இச்சொல்லைத் தொடுவதே இல்லை. தொடுபவரும் ஆங்கிலத்திலிருந்து பாலஸ்தீன நாட்டு உடையின் வரலாற்றை இரண்டு பக்கம் எழுதுவர். அருணாக்கயிற்றை மறந்துவிடுவர்.

துருத்தி, மரக்கால், படி

'துருத்தி' இன்னும் சிக்கலானது. இன்று அச்சொல் கொல்லன் உலையை ஊதும் கருவியை மட்டுமே குறிக்கிறது. பழைய வழக்கில் நீரும் பிறவும் கொள்ளும் தோற்பையும் துருத்தியே. புதுத் திராட்சை இரசத்தைப் பழந்துருத்தியில் ஊற்றுவது பற்றிய உவமையில் சூழல் தெளிவாக இருப்பதால் வாசகர் ஒருவாறு பொருள் உணர்ந்துகொள்கின்றனர். ஆனால் 119ஆம் திருப்பாடலில் பாடுபவர் தம்மைப் புகையில் உள்ள துருத்தியோடு ஒப்பிடும்போது சூழலே வாசகரை ஏமாற்றிவிடுகிறது. புகை என்றதும் உலைக்களம் நினைவுக்கு வருகிறது. இறைவனின் உலையில் ஊதப்படும் துருத்தியாகப் பக்தரைக் காணும் விளக்கத்துக்கு அதுவே வாயிலாகிறது. எபிரேயத்தில் உள்ள சொல் நோத், அதாவது தோற்பை. புகையில் தொங்கவிடப்பட்டுச் சுருங்கி, கறுத்து, பயனற்றுப்போன தோற்பையே உவமை. முயற்சியை உணர்த்தும் உவமை அன்று அது, வறண்டு கைவிடப்பட்ட நிலையை உணர்த்துவது.

எரேமியாவின் 6ஆம் அதிகாரத்தில் ஈயமும் புடமிடுதலும் பேசப்பெறும் இடத்தில் வரும் துருத்தியோ உண்மையிலேயே உலைத்துருத்தி. அங்கு எபிரேயச் சொல்லும் வேறு, மப்புவாக். எனவே தமிழில் ஒரு சொல், இரு பொருள். ஒரு சொல் பல பொருளுக்கு உரித்தாதலும் பல சொல் ஒரு பொருளுக்கு உரித்தாதலும் உரியியலின் தொடக்கத்திலேயே கூறப்பெறும் செய்திகள். தமிழ் முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் படிக்கும் இந்நூற்பாவை விவிலியத்தின் ஒரு பக்கத்தில்கூடப் பொருத்திப் பார்க்கத் தமிழ் ஆய்வாளர் முன்வரவில்லை என்பது வியப்புக்குரியது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு நற்செய்தி நூல்களில் 'தோற்பை' என்று எளிமையாக ஆண்டுள்ளது. நல்ல முடிவு. ஆயினும் பழைய மொழிபெயர்ப்பை மனப்பாடமாகக் கொண்ட வாசகர் இலட்சக்கணக்கில் உள்ளவரை, பழைய சொல்லை விளக்கும் கடமை நீங்குவதில்லை.

விளக்கை ஏற்றி மூடி வைப்பது பற்றிய உவமையில் வரும் 'மரக்கால்' இன்றைய இளம் வாசகருக்கு மரத்தால் ஆன காலாகவே தோன்றுகிறது. அவர்களை நகைப்பதற்கில்லை. அப்பொருளும் பழையதே. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடலுள் கொற்றவைக்குரிய மரக்காலாடலும் ஒன்று. ஆனால் விவிலியத்தில் வருவது தானியம் அளக்கும் மரக்கால். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கோயிற் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்னும் பெயருடன் நிற்கும் மரக்கால் அது. பன்னிரு மரக்கால் ஒரு கலம். 1956ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் முறை பரவியபோது வீடுகளிலிருந்து இது மெல்ல மறைந்தது, சொல்லும் உடன் மறைந்தது.

விளக்க நூலார் இச்சொல்லை விளக்கும் முறை குறிப்பிடத்தக்கது. மரக்கால் என்றால் 'புஷல்' என்பர். தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலச் சொல்லால் பொருள் கூறியபின் விளக்கம் முடிந்துவிட்டது எனக் கருதுவர். கிரேக்க மூலத்தில் உள்ளது மோதியோஸ் என்னும் உரோமை முகத்தலளவை. அது ஏறத்தாழ 8.7 லிட்டர் கொள்ளும். ஆங்கிலேயரின் புஷல் 36 லிட்டருக்கும் மேல். மரக்காலின் அளவு இடத்துக்கு இடம் மாறினும், அது புஷலைவிட மோதியோசுக்கே மிக நெருங்கியது. வீட்டில் தானியம் அளக்கும் கலம், எளிதில் கவிழ்த்து விளக்கை மூடத்தக்கது என்ற முறையிலும் அதுவே பொருந்துகிறது. ஆங்கில மொழிபெயர்ப்பைவிடத் தமிழ் மொழிபெயர்ப்பு மூலத்துக்கு அணுக்கமாக நிற்கும் இடத்தில், தமிழை ஆங்கிலத்தால் திருத்த முனைவதை எவ்வாறு விளக்கம் என்பது?

தமிழ் மொழிபெயர்ப்பு எல்லா இடத்தும் வென்றது என்றும் கூறிவிட முடியாது. மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் புளித்தமாவை அடக்கிவைத்த மாவின் அளவு மூன்றுபடி என்று உள்ளது. 'படி' அனைவரும் அறிந்த சொல்லாதலின் அதை எவரும் விளக்குவதில்லை. ஒரு படி இரண்டு லிட்டருக்கும் குறைவு. மூன்று படி மாவு ஒரு பெரிய குடும்பத்தின் ஒருநாள் உணவாகலாம். மூலத்தில் உள்ள சாத்தோன் என்னும் அளவை 7 லிட்டர் முதல் 13 லிட்டர் வரை பலவாறாக மதிப்பிடப்பெறுகிறது. குறைந்த மதிப்பைக் கொண்டாலும் மூன்று சாத்தோன் 20 லிட்டரைக் கடக்கும். ஊருக்கே அப்பம் சுடத்தக்க அளவு. ஒரு பெண் தனியே பிசைய இயலாத அந்த மிகைதான் உவமையின் உயிர். தமிழில் அது முழுவதும் ஒடுங்கிவிட்டது. அதே சமயம் தொடக்கநூல் 18ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் விருந்தினர்க்காகச் சாராளைப் பிசையச் சொல்லும் மாவும் தமிழில் மூன்றுபடியே. மூலத்திலும் அங்கு அதே அளவையே. அவ்விரு இடங்களின் உறவைத் தமிழ் காத்துள்ளது, அளவைக் காக்கவில்லை. விளக்கம் தேவைப்படும் இடம் இதுவே. ஆனால் விளக்க நூல்களின் அருஞ்சொல் வரிசையில் 'படி'க்கு இடமில்லை.

ஆசனம் இல்லாத கிருபாசனம்

வடசொற்கள் வேறு வகையான சிக்கல் தருகின்றன. 'கிருபாசனம்' என்பதைக் கிருபை, ஆசனம் எனப் பிரித்து, இறைவன் வீற்றிருக்கும் அருள் அரியணை என்று பொருள் கூறாத விளக்கம் அரிது. சொல்லைப் பிரித்துப் பொருள் காணும் இம்முறை தமிழாசிரியர்க்கும் உவப்பானதே. ஆனால் விடுதலைப்பயணம் 25ஆம் அதிகாரத்தில் வரும் எபிரேயச் சொல் கப்போரெத். உடன்படிக்கைப் பெட்டியின் மேல் வைக்கப்பட்ட பொன் மூடி அது. இரண்டரை முழ நீளமும் ஒன்றரை முழ அகலமும் உடையது. பெட்டியின் நீள அகலமும் அவையே. மூடுதல், பாவநிவர்த்தி செய்தல் என்னும் கருத்துகளைத் தரும் வேரோடு அச்சொல் தொடர்புடையது. இருக்கை என்னும் கருத்து அச்சொல்லில் இல்லை. இருக்கை வந்த வழி வேறு. லூத்தர் இதனை ஜெர்மன் மொழியில் 'க்னாடென்ஷ்டூல்' என்றார். க்னாடெ என்றால் அருள், ஷ்டூல் என்றால் இருக்கை. லூத்தரை ஒட்டியே டிண்டேலின் ஆங்கிலச் சொல்லும் பிறந்தது. தமிழில் உழைத்த ஜெர்மானியப் பணியாளர் வழிவந்த கிருபாசனம், லூத்தரின் சொல் உறுப்புக்கு உறுப்பு வடமொழி உருப்பெற்றது போலவே காணப்படுகிறது. 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பின் 'இரக்கத்தின் இருக்கை'யிலும் அந்த ஷ்டூல் அகலவில்லை.

எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தில் இதன் விளைவு வெளிப்படை. 9ஆம் அதிகாரத்தில் கெருபீன்கள் நிழலிட்ட பொன் மூடியும் கிருபாசனம். 4ஆம் அதிகாரத்தில் துணிவுடன் அணுகச் சொல்லும் அருளின் அரியணையும் கிருபாசனம். கிரேக்கத்தில் முன்னது ஹிலாஸ்தேரியோன், பின்னது அரியணை என்றே பொருள்படும் த்ரோனோஸ். வேறு வேறான இரண்டு தமிழில் ஒன்றாயின. அதே ஹிலாஸ்தேரியோன் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 3ஆம் அதிகாரத்தில் வரும்போதோ தமிழில் கிருபாதாரபலி ஆகிறது. ஒன்று இரண்டாகியது. பவுல் அங்குக் கிறித்துவைப் பெட்டியின் மூடியோடு ஒப்பிட்டாரா என்பது இறையியலார் நெடுங்காலமாக வாதிடும் வினா. தமிழ் வாசகருக்கு அவ்வினா தோன்றவே வழியில்லை. கிருபையையும் ஆசனத்தையும் பிரித்துப் பொருள் கூறும் விளக்கம் இம்மறைவை நீக்குவதில்லை, மேலும் இறுக்குகிறது.

ஊசியின் காது

ஒட்டகம் ஊசித்துளையில் நுழைவது பற்றிய உவமைக்கு, எருசலேமின் மதிலில் 'ஊசிக் கண்' என்றொரு சிறு வாயில் இருந்தது, ஒட்டகம் சுமை இறக்கி முழந்தாளிட்டு அதில் நுழையும் என்னும் கதை தமிழ் விளக்கங்களில் நிலைபெற்றுவிட்டது. இயேசுவின் காலத்தில் அப்பெயருடைய வாயில் இருந்தமைக்குச் சான்றில்லை. அக்கதை பிற்கால உரையாளர் வழிப் பரவியது. இக்கதை எங்கிருந்து தமிழுக்கு வந்தது என்பதை அதன் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. தமிழில் ஊசிக்குக் காதுதான் உண்டு. மொழிபெயர்ப்பும் 'ஊசியின் காது' என்றே சரியாகக் கூறுகிறது. ஊசிக்குக் கண் உள்ளது ஆங்கிலத்தில். தம் கைவிவிலியத்தில் காது என இருக்க, விளக்கத்தில் கண் என எழுதுபவர் எந்நூலைப் பார்த்து எழுதுகிறார் என்று கேட்கவேண்டியதில்லை.

செல்வன் ஒருவனின் வாழ்வை ஊசியின் காது திருப்பிவிட்ட கதையைப் பட்டினத்தார் வரலாற்றின் வழி அறிந்தவர் தமிழர். செல்வத்தையும் ஊசித்துளையையும் எதிரெதிர் நிறுத்தும் உவமையின் கடுமையைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு எருசலேம் வாயில் தேவையில்லை. உண்மையில் அவ்வாயிற்கதை உவமையின் கடுமையைக் குறைக்கவே எழுந்தது. முழந்தாளிட்டால் நுழைந்துவிடலாம் என்றால் செல்வர் அஞ்சவேண்டுவது யாது?

அடையாளங்களை வாய்பாடாக்குவோர்க்கும் இதுவே மறுமொழி. புளித்தமா பாவம் என்பது வாய்பாடு. பரிசேயரின் புளித்தமாவைப் பற்றிய எச்சரிக்கைக்கு அது பொருந்தும். மூன்றுபடி மாவில் அடக்கிய புளித்தமாவோ விண்ணரசுக்கு உவமை. லேவியர் 23ஆம் அதிகாரம் வாரங்களின் திருவிழாவில் புளித்த மாவால் சுட்ட இரண்டு அப்பங்களையே காணிக்கையாகக் கேட்கிறது. சிங்கம் பேதுருவின் முதல் திருமுகத்தில் அலகைக்கு உவமை, வெளிப்பாட்டில் கிறித்துவுக்கு அடையாளம். பாம்பைப் பாலைநிலத்தில் வெண்கலத்தால் செய்து உயர்த்தினார் மோசே. யோவான் நற்செய்தி அதனையே மானிடமகன் உயர்த்தப்படுவதற்கு ஒப்பாக்கியது. அடையாளம் சொல்லில் இல்லை, நிலத்திலும் பொழுதிலும் பேசுவோர் கேட்போரிலும் உள்ளது. உள்ளுறையையும் இறைச்சியையும் கருப்பொருளின் வழியும் கூற்றின் வழியும் உணரக் கற்பித்த இலக்கணம் தமிழில் உண்டு. குறிஞ்சி நிலத்துப் புலி ஒவ்வொரு பாட்டிலும் ஒன்றையே உணர்த்தும் என்று எழுதும் சங்க இலக்கிய உரையாசிரியர் எவரும் இலர். விவிலியத்துக்கு மட்டும் அவ்வுரிமையை வழங்கியவர் யாவர்?

சேலாவைப் பற்றியும் ஒரு சொல். திருப்பாடல்களில் 71 இடத்திலும் அபக்கூக்கில் 3 இடத்திலும் வரும் இச்சொல்லின் பொருள் உறுதியாக அறியப்படவில்லை. இசைக்குறிப்பாகலாம் என்பது பொதுவான கருத்து. 'நின்று தியானி' என்பது விளக்க நூலார் தரும் உறுதியான பொருள். தெரியாததைத் தெரியாது என எழுதுவதும் உரையாசிரியர் கடமையே.

தமிழ்த்துறைகளின் பங்கு

இத்தனை பிழைகளுக்கும் விளக்க நூலார் மட்டுமே பொறுப்பாளர் என்று கூறித் தமிழ்த்துறைகள் விலகிக்கொள்ள இயலாது. மறைப்பணியாளர் தம் கையில் கிடைத்த கருவியைக் கொண்டு தம் பணியைச் செய்தனர். ஐங்குறுநூறும் தஞ்சைக் கல்வெட்டும் உரியியலும் யார் கையில் இருந்தனவோ அவர்கள் வரவில்லை. தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் பாடத்திட்டத்தில் இடம்பெறும், அவற்றின் கற்பனை நயமும் அணிநயமும் ஆராயப்பெறும். சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சேறியதும் உரைநடை வரலாற்றில் ஒரு பத்தியாக நினைவுகூரப்பெறும். ஆனால் விவிலிய மொழிபெயர்ப்பின் சொற்கள் ஒவ்வொன்றும் எப்பொழுது எப்பொருளில் வைக்கப்பெற்றன என்னும் ஆய்வு மதத்தின் எல்லைக்குள் சேர்ந்தது எனத் தள்ளப்பெறுகிறது. சமயச் சார்பின்மை என்பது இதற்குக் கூறப்பெறும் காரணம். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தை மொழிபெயர்த்தபோது அப்பணியில் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். சைவத்தின் பொருட்டுக் கிறித்தவத்தோடு கடும்போர் புரிந்த அவரே தமிழ்ச் சொல்லைத் தேர்வதைத் தமிழ்ப்பணியாகக் கருதித் தயங்காது செய்திருக்க, இன்றைய ஆய்வாளர் நாவலரினும் கடுமையான சைவரோ?

எபிரேயமும் கிரேக்கமும் அறியாத தமிழாசிரியர் இதில் என்ன செய்ய இயலும் என்பது மற்றொரு தடை. மேலே கண்ட முள்ளும் அரையும் மரக்காலும் விளக்கம்பெற்றது எதனால் என்று நோக்கினால் தடை தானே நீங்கும். ஒவ்வொரு சொல்லிடத்தும் வினா இரண்டு. மூலத்தில் எச்சொல் உள்ளது என்பது ஒன்று. அதற்குரிய அடைவுகள் எல்லா இறையியல் கல்லூரி நூலகங்களிலும் உள்ளன, எண்ணறிந்து எடுத்துப் பார்க்கலாம். தமிழில் அச்சொல் வைக்கப்பெற்ற காலத்தில் அதற்கு என்ன பொருள் என்பது மற்றொன்று. இரண்டாம் வினாவுக்கு விடை கூறும் அடைவு எங்கும் இல்லை. 1779இல் வேப்பேரியில் அச்சான பாப்ரிசியஸ் அகராதி, மொழிபெயர்த்தவரே தொகுத்தது. அவர் ஒரு சொல்லை எப்பொருளில் அறிந்திருந்தார் என்பதற்கு அதைவிட நேரிய சான்று வேறில்லை. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அடுத்த சான்று. பாப்ரிசியஸ், ரேனியஸ், பெர்சிவல், பவர் ஆகியோரின் பாடங்களை நிரலே வைத்து, ஒவ்வொரு சொல்லும் எவ்விடத்தில் மாறியது, எவ்விடத்தில் மாறாது நின்றது எனக் காட்டும் சொல்லடைவு ஒன்றைத் தொடங்கத் துறைக்கு வேண்டுவது இவ்விரு அகராதிகளும் நான்கு மொழிபெயர்ப்புகளின் படிகளும் மூன்று ஆய்வு மாணவரும். முதற்சொல்லாக 'அரை'யை எடுத்துக்கொள்ளலாம்.